பயணிகளின் கனிவான கவனத்திற்கு

பயணிகளின் கனிவான கவனத்திற்கு! தாங்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே பணம் கட்டிப் பதிவு செய்த உல்லாசம், தங்கள் உல்லாசத்தை மேலும் மேம்படுத்தும் பொருட்டுச் சற்றுக் குறைக்கப்பட்டுள்ளது. குறைக்கப்பட்ட பகுதி அடுத்த கவுன்ட்டரில் தனிக் கட்டணத்துக்குக் கிடைக்கும்.

இப்படி ஓர் அறிவிப்பை நம்மூர் ரயில் நிலையத்தில் ஒலிபரப்பினால் அடுத்த நிமிடம் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் கண்ணாடி மிஞ்சாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோவுக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 40 சதுர மைல் பரந்து கிடக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இதையே நயமான ஆங்கிலத்தில், வண்ணப் படம் போட்டு மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். கண்ணாடி எதுவும் உடைவதில்லை. ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் நிற்பதற்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டுத்தான் நிற்கிறார்கள்.

1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட இந்தச் சமஸ்தானத்தின் முகம் மிக்கி என்ற ஓர் எலி. வெள்ளைக் கையுறை, சிவப்புக் கால்சட்டை, எந்நாளும் மாறாத புன்னகை. பொறியில் மாட்டிய எலிகளை நாம் பார்த்திருக்கிறோம். பொறி வைத்து மனிதர்களைப் பிடிக்கும் எலி உலகத்தில் இவர் ஒருவர்தான்.

பொறி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். ஹோட்டலும் நுழைவுச் சீட்டும் சேர்ந்த பொதியை மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். முன்பணம் 200 டாலர். மீதி மொத்தமும் பயணத்துக்கு 30 நாள் முன்னால் கட்டியாக வேண்டும். இடையில் விமான டிக்கெட் வாங்கவேண்டும், அலுவலகத்தில் விடுப்புச் சொல்லவேண்டும், பள்ளி விடுமுறையோடு பொருத்தவேண்டும். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குக் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு: ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்கும் ஆறு மாதத்துக்குள் நயாகராவையும் ஒர்லாண்டோவையும் காட்டி முடித்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையிடம் சொல்லியாயிற்று. பொறியின் கம்பி அதுதான். விமான டிக்கெட்டை நஷ்டத்தோடாவது ரத்து செய்யலாம். ஆறு வயது மகளிடம் கொடுத்த வாக்கை ரத்து செய்ய எந்த வலைத்தளத்திலும் பொத்தான் இல்லை. இது எலியாருக்கு நன்றாகத் தெரியும்.

கம்பி விழுந்த பிறகுதான் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும்.

முதலில் பேருந்துக் கதை. 2005 முதல், டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களை ஒர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து இலவசமாக ஏற்றிச் செல்லப் பேருந்து இருந்தது. பெட்டியில் வீட்டிலேயே மஞ்சள் பட்டையைக் கட்டிவிட்டால், அது தானாக ஹோட்டல் அறைக்கு வந்து சேரும். இரண்டு கைக்குழந்தைகளோடு ஐந்து மணி நேரம் பறந்து வந்தவர்களிடம் கேட்டால், அங்கே இருந்த மாயாஜாலங்களிலேயே உண்மையான மாயாஜாலம் அதுதான் என்பார்கள். 2021 ஜனவரியில் அறிவிப்பு வந்தது: 2022 தொடக்கம் முதல் பேருந்து கிடையாது. ஏன்? மக்களுக்கு இப்போது போக்குவரத்துக்கு எத்தனையோ வழிகள் இருக்கின்றனவாம். இலவசப் பேருந்து ஓடிக்கொண்டிருந்தவரை பாவம், வாடகைக் கார் என்று ஒன்று இருப்பதே அவர்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. டிஸ்னிக்காக அந்தப் பேருந்துகளை ஓட்டிய மியர்ஸ் நிறுவனம், அதே தடத்தில் ஆளுக்குப் போக வர 32 டாலர் என்று பலகை மாட்டிக்கொண்டது. ஏறத்தாழ ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்தவற்றோடு ஒப்பிட்டால் அது பெருந்தன்மை.

அந்த அவகாசமும் இல்லாமல் நடந்ததுதான் வரிசையின் கதை.

1999 இல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். ஒரு விளையாட்டுக்கு நேரம் குறித்த சீட்டை வாங்கிக்கொண்டு, அந்த நேரத்தில் வந்தால் நீண்ட வரிசையைத் தாண்டி ஏறிவிடலாம். நுழைவுச் சீட்டு வைத்திருப்பவர் எல்லாருக்கும் அது இலவசம். 2014 வாக்கில் அதைக் கைப்பட்டைக்கும் செல்பேசிக்கும் மாற்றினார்கள். அந்தத் தொழில்நுட்பத்துக்கு 100 கோடி டாலர் அளவில் செலவானதாகச் செய்திகள் வந்தன. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் 60 நாள் முன்பே நாளுக்கு மூன்று இடங்களைப் பிடித்து வைக்கலாம். அறை வாடகை வெளியே இருப்பதைவிட அதிகம்தான். அந்தச் சலுகைக்காகவே பலர் வாயை மூடிக்கொண்டு கொடுத்தார்கள்.

2020 மார்ச்சில் தொற்றுக்காகப் பூங்காக்கள் மூடப்பட்டன. ஜூலையில் திறந்தபோது, ஏற்கெனவே பதிவு செய்திருந்தவர்களின் உணவுத் திட்டம், உணவக முன்பதிவு, ஃபாஸ்ட்பாஸ் எல்லாம் நீக்கப்பட்டிருந்தன. வாணவேடிக்கை இல்லை. யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. உலகமே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் ராட்டினத்தின் வரிசையைப் பற்றிச் சண்டை போடுவது அழகில்லை என்று மக்களுக்கு ஒரு நாகரிகம் இருந்தது. ‘தற்காலிக நிறுத்தம்’ என்று சொன்னதை நம்பினார்கள். நம்பி 2021 விடுமுறைக்கும் பதிவு செய்தார்கள்.

தொற்று தணிந்தது. 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள்: ஃபாஸ்ட்பாஸ் இனி எந்நாளும் திரும்பாது. அதற்குப் பதில் ஜீனி பிளஸ் என்று ஒரு புதுமை வருகிறது, ஆளுக்கு நாளுக்கு 15 டாலர். அக்டோபர் 19 அன்று கல்லாவைத் திறந்துவிட்டார்கள். அலாவுதீன் கதையில் விளக்கைத் தேய்த்தால் பூதம் வந்து வேலை செய்யும். இங்கே கடன் அட்டையைத் தேய்த்தால் பூதம் வந்து, காலை ஏழு மணிக்கே எழுந்து செல்பேசியை நோண்டும் வேலையை நமக்குக் கொடுக்கும். அதிலும் மிகவும் கூட்டம் அலைமோதும் விளையாட்டுகள் 15 டாலருக்குள் அடங்காது. அவற்றுக்கு ஒவ்வொன்றாகத் தனி விலை.

பிறகு அந்த 15 டாலரும் நிலைக்கவில்லை. 2022 அக்டோபரில் கூட்டத்தைப் பொறுத்து விலை ஏறி இறங்கும் என்றார்கள். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் முடிவதற்குள் 29 டாலரைத் தொட்டுவிட்டது. 2024 ஜூலையில் பூதத்தின் பெயர் மக்களுக்குக் குழப்பமாக இருக்கிறது என்று மாற்றி, லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் என்று வைத்தார்கள். அக்டோபரில் பிரீமியர் பாஸ் வந்தது. ஒவ்வொரு விரைவு வரிசையிலும் ஒருமுறை, நேரம் குறிக்காமல் நுழையலாம். அறிமுகத்தின்போது ஃபுளோரிடாவில் நாளையும் பூங்காவையும் பொறுத்து ஆளுக்கு 129 முதல் 449 டாலர், வரி தனி. முதலில் அதுவும் விலை உயர்ந்த ஹோட்டல்களில் தங்குபவர்களுக்கு மட்டும். நான்கு பேர் குடும்பம் அந்த உச்ச விலை நாளில் போனால் வரிசையில் நிற்காமல் இருப்பதற்கு மட்டும் 1,796 டாலர். பூங்காவுக்குள் நுழையும் கட்டணம் இதில் சேராது. முன்பு அது இலவசமாக இருந்தது என்று யாராவது முதியவர் சொன்னால் பேரக்குழந்தைகள் தேவதைக் கதை கேட்பதுபோல் கேட்கும்.

இந்த வியாபாரத்தின் நுட்பத்தைத் தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. பெரிய கோயில்களில் தர்ம தரிசன வரிசையைக் கூண்டுக்குள் நிறுத்திவிட்டுச் சிறப்புக் கட்டண வரிசையை விறுவிறுவென்று விடுவதை நாம் பார்த்தவர்கள்தானே. சாதாரண வரிசை எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ, அவ்வளவுக்குச் சிறப்பு வரிசை விற்கும். ஆகவே அங்கே விற்பனைக்கு இருக்கும் சரக்கு வேகம் அன்று. அடுத்தவனின் காத்திருப்பு. பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் 90 நிமிடம் நிற்பவன், தான் வாடிக்கையாளன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் கடைச் சரக்கு. அவன் நெற்றி வியர்வையைப் பார்த்துத்தான் பக்கத்து வரிசைக்காரன் பணம் கட்டினான். பழைய ஃபாஸ்ட்பாஸும் சாதாரண வரிசையை நீளமாக்கியது என்பது உண்மை. ஆனால் அதில் சீக்கிரம் எழுந்தவனும் முன்னதாகத் திட்டமிட்டவனும் முந்தினார்கள். பணப்பை முந்தவில்லை.

மற்ற வெட்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். ஹோட்டலில் தங்குபவர்களுக்குக் காலையில் ஒரு மணி நேரமோ இரவில் இரண்டு மணி நேரமோ கூடுதலாகப் பூங்கா திறந்திருந்தது. அது அரை மணி நேரமாகச் சுருங்கியது. இரவு நேரம் உயர்விலை ஹோட்டல்காரர்களுக்கு மட்டும் என்றானது. இலவசமாக வந்த கைப்பட்டை 2021 முதல் விலைக்கு மட்டும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்தான். எலி ஒரே இரவில் மூட்டையைத் தின்பதில்லை.

மூட்டையைப் பற்றி நிர்வாகத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதற்கும் பதிவு உண்டு. 2021 நவம்பரில் முதலீட்டாளர்களுடனான கூட்டத்தில், விலைவாசி உயர்வைச் சமாளிப்பது பற்றிக் கேட்டபோது, அன்றைய நிதித் தலைமை அதிகாரி கிறிஸ்டின் மெக்கார்த்தி தட்டில் வைக்கும் உணவின் அளவைக் குறைக்கலாம் என்றார். அது சிலரின் இடுப்பளவுக்கு நல்லதாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். வாங்கிய காசுக்குச் சோற்றைக் குறைத்துவிட்டு, உன் தொந்திக்காகத்தான் குறைத்தேன் என்று சொல்லும் நெஞ்சழுத்தம் எந்த மெஸ்காரருக்கும் வராது. 2022 ஆகஸ்டில் வெளியான காலாண்டு அறிக்கையில், கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டுக்கு வருபவர்களின் கலவை ‘சாதகமாக இல்லை’ என்று எழுதினார்கள். ஆண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு அடிக்கடி வந்து, குறைவாகச் செலவழிக்கும் பழைய ரசிகர்கள்தாம் அந்தச் சாதகமற்றவர்கள் என்று எல்லாருக்கும் புரிந்தது. ரசிகர்களில் சிலர் அந்தச் சொல்லையே டீ-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். அவமானத்தையும் காசு கொடுத்து அணிந்துகொள்ளும் பக்தி எலியாருக்கு வாய்த்திருக்கிறது.

இதுவரை சொன்னதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். வரிசையைத் தாண்ட முடியாவிட்டால் வரிசையில் நிற்கிறான், கால் வலிக்கிறது, அவ்வளவுதான். வரிசையில் நிற்கவே முடியாதவர்களுக்குச் செய்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

மாற்றுத்திறனாளிகளுக்கென 2013 முதல் அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. டிஏஎஸ் என்பார்கள். உடலாலோ மனத்தாலோ நீண்ட வரிசையில் நிற்க இயலாதவர், வரிசைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரத்தை வெளியே, நிழலில், கழிப்பறைக்குப் பக்கத்தில், தன் வசதிப்படி கழித்துவிட்டு வந்து ஏறலாம் என்றிருந்தது. யாரையும் முந்துவதில்லை. காத்திருக்கும் இடம் மட்டும் வேறு. கட்டணம் இல்லை.

2024 ஏப்ரல் 9 அன்று அறிவித்தார்கள்: மே 20 முதல் ஃபுளோரிடாவில் இந்த ஏற்பாடு, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார்ந்த குறைபாட்டாலோ அதையொத்த நிலையாலோ நீண்ட நேரம் வழக்கமான வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு மட்டும். ஜூன் 18 முதல் கலிஃபோர்னியாவிலும் அப்படியே. குடல் நோய்க்காரர், பார்க்கின்சன் நோயாளி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் போன்ற பலரின் நிலை இரண்டுங்கெட்டானாகிவிட்டது. அவர்களுக்கு நிறுவனம் காட்டிய மாற்று வழிகளில் ஒன்று, அவசரமானால் வரிசையைவிட்டு வெளியே போய் மறுபடி வந்து சேர்ந்துகொள்வது. சுவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் வரிசையில், நூறு பேரை ‘கொஞ்சம் வழி விடுங்க’ என்று விலக்கிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடுவதை வசதி என்று எண்ணியவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை.

அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே ஆறு வாரம்கூட முழுதாக இல்லை. கோடை விடுமுறைக்கு முந்தைய ஆண்டே பதிவு செய்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் என்ன செய்வது? வீடியோ அழைப்பில் பேட்டி கொடுக்க வேண்டும். இந்தப் பேட்டியை அன்றைய விதிப்படி எப்போது கொடுக்கலாம் தெரியுமா? பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள். பொதியின் மீதிப் பணத்தை எப்போது கட்ட வேண்டும்? 30 நாள் முன்னால். கட்டணமில்லாமல் எதுவரை ரத்து செய்யலாம்? 30 நாள் முன்புவரை. 29 ஆம் நாள் விடிந்தால் ரத்துக் கட்டணம் 200 டாலர். அதாவது, உங்கள் பிள்ளை அங்கே போய் நிற்க முடியுமா முடியாதா என்று தெரிந்துகொள்ளும் நாளும், மொத்தப் பணமும் அவர்கள் கைக்குள் போகும் நாளும் அப்போது ஒன்றே. பஞ்சாங்கம் பார்த்து முகூர்த்தம் குறித்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமையாது.

முறைகேடு நடந்ததே என்பார்கள். நடந்தது. 2013 இலேயே, நியூயார்க்கின் பணக்காரத் தாய்மார்கள் சிலர் மாற்றுத்திறனாளிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்தி வரிசையைத் தாண்டியதாகப் பத்திரிகையில் வந்தது. அதன் பிறகுதான் பழைய அட்டையை ஒழித்து இந்த ஏற்பாட்டையே கொண்டுவந்தார்கள். சமீப ஆண்டுகளில் இதைக் கேட்பவர்கள் பல மடங்கு பெருகிவிட்டார்கள் என்று நிறுவனம் சொன்னது. பெருகாமல் என்ன செய்யும்? எல்லாருக்கும் இலவசமாக இருந்த சீட்டைப் பிடுங்கி விலை வைத்தவர்கள் யார்? பொய்க்கு விலை ஏற்றி வைத்துவிட்டு, பொய்யர்கள் பெருகிவிட்டார்கள் என்று பொய் சொல்லாதவனின் ஊன்றுகோலைப் பறிப்பது என்ன நியாயம்? அக்டோபரில் 449 டாலர் சீட்டு வந்தது நினைவிருக்கிறதா? மே மாதம் கதவைச் சாத்தினார்கள். ஐந்து மாதத்தில் பக்கத்துக் கதவுக்கு விலைச் சீட்டு ஒட்டினார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அவர்கள் சொல்லலாம். வரிசையிலும் நிற்க முடியாத, சலுகையும் மறுக்கப்பட்ட ஒருவருக்கு எஞ்சிய வழிகளில் அதுவும் ஒன்று என்பதை யாரும் மறுக்க முடியாது.

விதிமுறையில் இன்னொரு வரி இருக்கிறது. இந்தச் சலுகைக்காக நீங்கள் சொன்ன தகவல் உண்மையல்ல என்று தெரிந்தால் உங்களுக்குப் பூங்காவுக்குள் நிரந்தரத் தடை. ஏற்கெனவே வாங்கிய சீட்டுகளின் பணமும் திரும்பாது. நல்ல விதிதான். வாக்குத் தவறியவருக்குத் தண்டனை வேண்டும். ஆனால் அவர்கள் சொன்னது மாறினால் அதற்குப் பெயர் மேம்பாடு. நீங்கள் சொன்னது மாறினால் ஆயுள் தடை.

கேட்டால் பொடி எழுத்தைக் காட்டுவார்கள். ‘எதுவும் முன்னறிவிப்பின்றி மாறலாம்’ என்ற ஒற்றை வாக்கியத்தின் மேல்தான் 40 சதுர மைலும் நிற்கிறது. அந்தப் பொடி எழுத்தை எவ்வளவு தூரம் இழுப்பார்கள் என்பதற்கு 2024 இலேயே ஓர் உதாரணம் கிடைத்தது. டிஸ்னி வளாகத்துக்குள் வேறொருவர் நடத்தும் உணவகத்தில் சாப்பிட்ட ஒரு பெண் ஒவ்வாமையால் இறந்துபோனார். கணவர் வழக்குப் போட்டார். நீங்கள் 2019 இல் டிஸ்னி பிளஸ் ஓடிடி தளத்தை இலவசமாகப் பார்த்துப் பழகச் சம்மதம் அழுத்தினீர்கள், ஆகவே நீதிமன்றத்துக்கு வர உரிமையில்லை, சமரசத் தீர்ப்பாளரிடம் போங்கள் என்று நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். ஊரே காறித் துப்பிய பிறகு ஆகஸ்டில் அந்த வாதத்தைத் திரும்பப் பெற்றார்கள். படம் பார்க்க அழுத்திய பொத்தான் மனைவியின் சாவுக்கும் செல்லும் என்று நினைத்த மூளைகள், உங்கள் விடுமுறைப் பொதியின் நிபந்தனைகளை எப்படி எழுதியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2021 இல் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1,399 டாலருக்கு ஓர் ஆண்டுச் சீட்டு விற்றார்கள். எந்த நாளும் தடையில்லை என்று விளம்பரம். வாங்கியவர்கள் போகப் பார்த்தால், பொது மக்களுக்கு ஒருநாள் சீட்டு விற்றுக்கொண்டிருக்கும் நாளிலேயே இவர்களுக்கு இடம் முடிந்துவிட்டது என்று வந்தது. வழக்கு நடந்தது. நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமல் 95 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. வழக்குச் செலவு போக மீதியை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிரித்தபோது ஆளுக்கு 67 டாலர் சொச்சம். மிக்கி காது வைத்த தொப்பி ஒன்று வாங்கி, ஒரு வேளை சாப்பிட்டால் சரியாகப் போய்விடும்.

தலைமையில் இருப்பவர்களுக்கு இது தெரியாமலில்லை. 2022 நவம்பரில் தலைவர் பாப் சேப்பெக்கை நீக்கிவிட்டுப் பழைய தலைவர் பாப் ஐகரைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். 2023 மார்ச்சில் ஐகர், லாபத்தை வளர்க்கும் ஆர்வத்தில் விலை விஷயத்தில் கொஞ்சம் எல்லை மீறிவிட்டோம் என்ற பொருளில் பேசினார். அதற்கு முன்பே, ஹோட்டலில் இரவு கார் நிறுத்துவதற்கு 2018 முதல் வாங்கி வந்த கட்டணத்தை நீக்கினார்கள். 2020 இல் பறித்த உணவுத் திட்டத்தை 2024 ஜனவரியில் திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் பரிசு வழங்குவதுபோல் அறிவித்தார்கள். ரசிகர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். நம் சட்டைப்பையிலிருந்து எடுத்ததை நமக்கே பொன்னாடை போர்த்தித் திருப்பிக் கொடுக்கும் விழாவில் கைதட்டுவதற்கும் நாம்தான் போயிருக்கிறோம். ஐகரின் ஒப்புதலுக்குப் பிறகுதான் 449 டாலர் சீட்டு வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிடிக்காவிட்டால் போகாதே, யார் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள் என்று கேட்கும் அறிவாளிகள் உண்டு. சரியான கேள்வி, தவறான நேரம். பதிவு செய்வதற்கு முன் கேட்டால் அது அறிவுரை. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்ட பிறகு கேட்டால் அது மிரட்டல். கம்பெனி என்றால் மாறத்தான் செய்யும், பழைய ராட்டினத்தைப் பிரித்துப் புதியது போடத்தான் வேண்டும், எந்தச் சலுகையும் சாசுவதமில்லை. இதை யாரும் மறுக்கவில்லை. நாளை வரப்போகிறவனுக்கு விலையை ஏற்றுங்கள், வசதியைக் குறையுங்கள், அவன் பார்த்து முடிவு செய்யட்டும். நேற்றுப் பணம் கட்டியவனின் பொதிக்குள் இன்று கையை விட்டு எடுக்காதீர்கள் என்பதுதான் பேச்சு. நஷ்டத்தில் தத்தளிக்கும் கடையென்றாலும் மனம் இரங்கலாம். 2024 நிதியாண்டில் பூங்காக்களும் கப்பல்களும் அடங்கிய டிஸ்னியின் பிரிவு ஈட்டிய செயல்பாட்டு லாபம் சுமார் 930 கோடி டாலர்.

முன்பே பணம் கட்டியவனைக் காப்பது நடக்காத காரியமுமில்லை. மாற்றுத்திறனாளிகள் பற்றிய அந்த அறிவிப்பை டிஸ்னி வெளியிட்ட அதே 2024 ஏப்ரலில், அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விமான நிறுவனங்களுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. விமான நேரத்தை நிறுவனம் பெரிய அளவில் மாற்றி, பயணி அதை ஏற்காவிட்டால், பணத்தைத் தானாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வைஃபை பறக்கும்போது வேலை செய்யாவிட்டால் அந்தக் காசையும் திருப்ப வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015 ஆம் ஆண்டுப் பொதிப்பயணச் சட்டமும் அதைத் தழுவிய பிரிட்டனின் 2018 விதிகளும், பயணத்தின் முக்கிய அம்சத்தை விற்றவர் பெரிதாக மாற்றினால், வாங்கியவர் அபராதமில்லாமல் விலகிக்கொள்ளலாம் என்கின்றன. எது முக்கிய அம்சம் என்று வக்கீல்கள் சண்டை போடலாம். சண்டை போடவாவது அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. ஒர்லாண்டோவுக்கு வானத்தில் வரும்வரை வைஃபைக்குக்கூடப் பாதுகாப்பு உண்டு. இறங்கி எலியாரின் எல்லைக்குள் கால் வைத்ததும் நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

எலியாரின் சமஸ்தானத்துக்கே இதைச் செய்யத் தெரியும் என்பதற்கு அவர்களுடைய நடவடிக்கையே சாட்சி. 2018 இல் கார் நிறுத்தக் கட்டணத்தைக் கொண்டுவந்தபோது, மார்ச் 21 அன்றும் அதற்குப் பிறகும் பதிவு செய்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று அறிவித்தார்கள். முன்பே பதிவு செய்தவர்களிடம் ஒரு டாலர்கூட வாங்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை, கோட்டைக் கோபுரம் சாயவில்லை.

ஆகவே அறிவிப்புப் பிரிவிலிருக்கும் கனவான்களே, சீமாட்டிகளே, மேம்பாடு என்ற சொல்லை இனி எங்களிடம் கொண்டுவராதீர்கள். ஒருவர் பதிவு செய்த நாளில் எதையெல்லாம் விளம்பரப்படுத்தினீர்களோ அதையெல்லாம் அவருக்குக் கொடுங்கள். கொடுக்க முடியாதென்றால், 30 ஆம் நாளானாலும் 3 ஆம் நாளானாலும், ஒரு காசும் பிடிக்காமல் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். கார் நிறுத்துமிடத்துக்குக் காட்டிய நேர்மையைச் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் காட்டுங்கள்.